பேசவைக்கும் வகுப்பு: சிங்கப்பூர்த் தமிழாசிரியரும் மாணவரும்

மொழி வகுப்பில் யார் கேள்வி கேட்கிறார், யார் பதில் சொல்கிறார், அந்தப் பதில் யாருக்குத் தேவைப்படுகிறது என்ற மூன்றையும் கவனித்தால் அங்கே எந்த முறையில் கற்பிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். காலங்காலமாக நடந்துவரும் வகுப்பில் ஆசிரியர் கேட்பார், மாணவர் பதில் சொல்வார், ஆசிரியர் ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ முடித்துவைப்பார். சின்க்ளேர், கூல்ட்ஹார்ட் என்ற இரு பிரிட்டிஷ் மொழியியலாளர்கள் வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூலில் இந்த மூன்று படிகளையும் பிரித்துக் காட்டினார்கள். மாம்பழப் படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்கும் ஆசிரியருக்கு அது மாம்பழம் என்று நன்றாகவே தெரியும். கேள்வி தகவலுக்காக எழவில்லை, சோதிப்பதற்காக எழுந்தது. தேக்கா சந்தையில் பழக்கடைக்காரரிடம் ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டு, பதில் வந்ததும் “சரியாகச் சொன்னீர்கள்” என்று பாராட்டினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1970களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருப்பெற்ற கருத்துப் பரிமாற்ற அணுகுமுறை இந்த ஏற்பாட்டைத்தான் கேள்விக்கு உட்படுத்தியது. அதற்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்க மானிடவியலாளர் டெல் ஹைம்ஸ். பிழையில்லாத வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர் மொழி தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். யாரிடம், எப்போது, எந்த முறையில் பேசவேண்டும், எங்கே வாய்மூடி இருக்கவேண்டும் என்பதும் மொழியறிவின் பகுதியே என்றார் அவர். 1975இல் ஐரோப்பிய மன்றத்துக்காக வான் எக் தயாரித்த தொடக்கநிலை வரையறையும், 1976இல் வெளிவந்த வில்கின்ஸின் பாடத்திட்ட நூலும் இலக்கண வரிசையை ஒதுக்கிவிட்டு, அனுமதி கேட்டல், மறுத்தல், வழி விசாரித்தல் போன்ற பயன்பாடுகளைப் பாடத்தின் அலகுகளாக்கின. கனடாவில் கனேலும் ஸ்வெயினும் 1980இல் மொழித்திறனை இலக்கணத்திறன், சமூகச் சூழலறிந்து பேசும் திறன், சொல் கிடைக்காதபோது சமாளிக்கும் திறன் என்று வகுத்தார்கள்.

ஆசிரியர், மாணவர் ஆகிய இருவரின் பங்கைப் பற்றி மிகத் தெளிவாக எழுதியவர்கள் பிரீனும் கேண்ட்லினும். 1980இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் ஆசிரியருக்கு இரண்டு முதன்மைப் பணிகள் உண்டு. வகுப்பில் உள்ளவர்களுக்கிடையே பேச்சு நடக்க வழிசெய்வது ஒன்று. தானும் அந்தப் பேச்சில் ஒருவராகக் கலந்துகொள்வது மற்றொன்று. இவற்றோடு பாடப்பொருள்களை ஒழுங்குசெய்பவராகவும், வகுப்பில் நடப்பதை ஆராய்ந்து தானும் கற்றுக்கொள்பவராகவும் அவர் இருக்கவேண்டும். மாணவரோ பேரம் பேசுபவர். தனக்கும் மொழிக்கும் இடையே, தனக்கும் சக மாணவருக்கும் இடையே பொருள் விளங்கும்வரை விடாமல் கேட்டும் விளக்கியும் இடைவெளியை அடைப்பவர். புரியவில்லை என்று சொல்வது பழைய வகுப்பில் குறை. இந்த வகுப்பில் அது மாணவரின் வேலை.

தென்கிழக்காசிய ஆங்கில ஆசிரியர்களுக்காக 1968இல் வட்டார ஆங்கில மொழி நிலையம் தொடங்கப்பட்டது சிங்கப்பூரில்தான். அதனால் இந்தச் சிந்தனைகள் இந்த ஊரின் ஆங்கில வகுப்புகளுக்கு விரைவாகவே வந்துசேர்ந்தன. தமிழ் வகுப்புக்கு வந்தபோது அவை வேறொரு நிலத்தில் கால்வைத்தன. கருத்துப் பரிமாற்ற அணுகுமுறை சொல்லாமலே எடுத்துக்கொண்ட ஓர் அனுமானம் உண்டு: கற்கும் மொழி வகுப்புக்கு வெளியே எங்கோ உயிரோடு புழங்குகிறது, மாணவர் நாளை அங்கே போகப்போகிறார். லண்டனுக்குப் போகும் ஜெர்மானியருக்கு இது பொருந்தும். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் ஆங்கிலம் என்று வாழும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைக்கு?

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் 41.6 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். 2020இல் அது 59.2 விழுக்காடாயிற்று. இந்தியர் என்ற கணக்கில் மலையாளிகளும் பஞ்சாபியரும் இந்தி பேசுவோரும் அடக்கம் என்பதால் இதை அப்படியே தமிழர் நிலை என்று கொள்ளக்கூடாது. ஆயினும் நாட்டின் குடியிருப்பாளர் அனைவரிலும் வீட்டில் முதன்மையாகத் தமிழ் பேசுவோர் அதே பத்தாண்டில் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆகக் குறைந்ததைப் பார்த்தால் போக்கு விளங்கும். அதிகாரத்துவ மொழி என்ற தகுதி இருக்கிறது, ‘தமிழ் முரசு’ 1935 முதல் இருக்கிறது, ‘ஒலி 96.8’ வானொலியும் ‘வசந்தம்’ தொலைக்காட்சியும் இருக்கின்றன. பிள்ளையிடம் தமிழில் பேசி, தமிழில் பதில் வரும்வரை காத்திருக்கும் பெரியவர் மட்டும் குறைந்துகொண்டே வருகிறார். பல பிள்ளைகளுக்கு அந்தப் பெரியவர் தமிழாசிரியர் ஒருவரே.

ஒரு காலத்தில் தமிழிலேயே எல்லாப் பாடமும் நடந்த பள்ளிகள் இங்கே இருந்தன. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பிற்காலத்தில் உயர்நிலைக் கல்வியையும் தமிழில் தந்து, 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாத் தேசியப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி. தமிழ் ஒரு பாடம். மூடப்பட்ட பள்ளியின் பெயரைத் தாங்கி 1983இல் உருவான உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இன்று சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் இயங்குகிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலை மாணவர்கள் பள்ளி முடிந்ததும் பேருந்திலும் ரயிலிலும் இங்கே வருகிறார்கள். களைப்போடு வரும் இவர்களுக்குத் தமிழ் கூடுதல் சுமையாகத் தோன்றுவது இயல்பு. ஆனால், கருத்துப் பரிமாற்ற வகுப்புக்குத் தேவையான ஒன்று இங்கே தானாக அமைந்திருக்கிறது. வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வருபவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது. “உங்கள் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை எத்தனை மணிக்கு முடியும்?” என்பது இங்கே உண்மையான கேள்வி. ஒரே வகுப்பில் ஆறாண்டு உடனிருந்த நண்பரிடம் “உன் பெயர் என்ன?” என்று பாடநூல் கேட்கச் சொல்லும்போது அப்படி அல்ல.

தமிழ் வகுப்புக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. எந்தத் தமிழில் பேசுவது? சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதியபோது அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெயிட்டிய கிரியோல் ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாக எடுத்துக்கொண்டார். தமிழும் அதே வகையைச் சேர்ந்தது. எழுதுவது ‘அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்’, சொல்வது ‘அவங்க வந்துக்கிட்டிருக்காங்க’. பள்ளி நெடுங்காலம் முதலாவதை மட்டுமே தமிழ் என்று ஏற்றது. சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வியை ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் ஹெரால்டு ஷிஃப்மன் இதையே முதன்மையான குறையாகக் கண்டார். பள்ளி எழுத்துத்தமிழைப் பேசச் சொல்கிறது, உலகில் எவரும் அதை வீட்டில் பேசுவதில்லை. ஆகவே பேசக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே மாணவருக்குக் கிடைக்காமல் போகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இந்த ஏற்பாடு இரண்டு வகைப் பிள்ளைகளை நேரெதிர் காரணங்களால் ஊமையாக்கியது. ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை பள்ளித்தமிழை மட்டும் அறிந்து, உணவுக்கடையில் “எனக்கு இரண்டு இட்லிகள் வேண்டும்” என்கிறது. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். பிள்ளை அடுத்த முறை தமிழில் கேட்பதில்லை. தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையோ வாய்நிறையச் சொற்களோடு வகுப்புக்கு வந்து, முதல் வாக்கியத்திலேயே “கொச்சையாகப் பேசாதே” என்று கேட்டு வாயை மூடிக்கொள்கிறது. முதல் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் வெளியே செல்லாது; இரண்டாம் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் உள்ளே செல்லாது.

2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பிக்கும் முறையையும் மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்திறனைப் பேச்சுத்தமிழிலேயே வளர்க்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. வட்டாரச் சாயலோ சாதிச் சாயலோ தூக்கலாகத் தெரியாத, படித்தவர்கள் பொதுவிடத்தில் புழங்கும் பேச்சு வழக்கு அது. தேசிய கல்விக் கழகத்தில் சீதாலட்சுமி போன்ற ஆய்வாளர்கள் அதன் இயல்புகளை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். எதிர்ப்பும் எழாமல் இல்லை. பேச்சுத்தமிழை வகுப்புக்குள் விட்டால் எழுத்து கெட்டுவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. கட்டுரையில் ‘வந்தாங்க’ என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஆனால், பேசாமலே இருக்கும் பிள்ளைக்கு எழுதவும் ஒன்றும் இருக்காது என்ற எதிர்வாதமே வலுவானது.

இதனால் ஆசிரியரின் பங்கு பிரீனும் கேண்ட்லினும் எண்ணிப் பார்க்காத வகையில் மாறுகிறது. அவர் இரண்டு வழக்குகளுக்கும் உரியவராக இருந்து, எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை மாணவர் கண்ணெதிரே காட்டவேண்டும். பாடம் தொடங்கும்போது “நேத்து ராத்திரி மழைல யாராவது மாட்டிக்கிட்டீங்களா?” என்று கேட்கிறார். பதில்கள் பேச்சுத்தமிழில் வருகின்றன. அவற்றுள் ஒன்றை வெண்பலகையில் எழுதும்போது ‘நேற்று இரவு பெய்த மழையில் நான் நனைந்துவிட்டேன்’ என்று மாற்றி எழுதுகிறார். எது எப்படி மாறியது என்று மாணவர்களையே சொல்லச் சொல்கிறார். அப்போது வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையின் வாய்மொழி திருத்தப்பட வேண்டிய பிழையாக இராமல் பாடத்தின் மூலப்பொருளாகிறது. ஆங்கிலவழிப் பிள்ளைக்கோ, ஏற்கெனவே எழுத்தில் தெரிந்த வடிவம் பேச்சில் எப்படி ஒலிக்கும் என்பது கிடைக்கிறது.

நீ, நீங்கள் என்ற வேறுபாடும் இங்கேதான் சேரும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே முன்னிலைச் சொல். அந்தப் பழக்கத்தில் “டீச்சர், நீ எங்கே போறே?” என்று கேட்கும் தொடக்கநிலை ஒன்று மாணவர் மரியாதையில்லாதவர் அல்லர், சமூகச் சூழலறிந்து பேசும் திறன் அவருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவே. விதியாகச் சொல்லி இதை மாற்றமுடியாது. தாத்தாவாக, கடைக்கார அண்ணனாக, அடுத்த வீட்டு அக்காவாக, தம்பியாகப் பாத்திரங்கள் மாற மாற, அழைக்கும் சொல்லும் வினைமுற்றும் சேர்ந்து மாறுவதைப் பலமுறை நடித்துப் பார்த்தபின்தான் நாக்கு பழகும்.

நடிப்பு, குழுவேலை, இணைவேலை என்றதும் ஆசிரியர் ஒதுங்கி நின்றால் போதும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கருத்துப் பரிமாற்ற அணுகுமுறையைப் பற்றிப் பரவியுள்ள தவறான கருத்துகளில் இதுவே பெரிது. இதற்கு மறுப்புத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஆங்கில வகுப்புகளை நடத்திப் பார்த்த திட்டம் உலகெங்கும் அறியப்பட்டது; 1987இல் அதை நூலாக்கினார். பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவருடைய வகுப்பில் இலக்கணப் பயிற்சி இல்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம், வகுப்பு அட்டவணை இவற்றை வைத்து விடை காணும் வேலைகள் உண்டு. பல வகுப்புகளின் அட்டவணைகளைப் பார்த்து ஓர் ஆசிரியரின் வாராந்தர வேலைநேரத்தை மாணவர் ஊகித்தறிய வேண்டும். முதலில் ஆசிரியரே முழு வகுப்போடும் உரையாடி ஒத்த வேலை ஒன்றைச் செய்துகாட்டுவார். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியே மற்றொன்றைச் செய்வார்கள். குழுவேலையைப் பிரபு வேண்டுமென்றே வலியுறுத்தவில்லை. அரைகுறையாக மொழி தெரிந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் அந்த அரைகுறை வடிவமே கெட்டிப்பட்டுவிடும் என்பது அவர் கருதிய காரணங்களுள் ஒன்று. செழுமையான மொழியை வகுப்புக்குள் கொண்டுவருபவர் ஆசிரியரே.

சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புக்கு இந்தத் தென்னிந்திய அனுபவம் ஐரோப்பிய நூல்களைவிட நெருக்கமானது. இங்கே இணைவேலை கொடுத்து ஆசிரியர் நகர்ந்த மறுகணம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். அது ஒழுக்கக் குறைவல்ல. இருவருக்கும் எளிதான மொழி ஆங்கிலம் என்பதால் வேலை விரைவாக முடிகிறது. வேலை முடிவதே நோக்கம் என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அதைக் குறைகூற முடியாது. தடுப்பதற்கு வழிகள் உண்டு: தகவல் தமிழ் ஒலிப்பதிவில் மட்டும் கிடைக்கும்படி செய்வது, முடிவை வகுப்பின் முன் வாய்மொழியாகச் சொல்லச் செய்வது, தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளையை ஆங்கிலவழிப் பிள்ளையோடு இணைப்பது. கடைசியாகச் சொன்னதில் கவனம் வேண்டும். நன்றாகப் பேசும் பிள்ளை ஆண்டு முழுதும் பிறருக்குப் படியளந்துகொண்டே இருந்தால் அந்தப் பிள்ளையின் தமிழ் எப்போது வளர்வது? அத்தகையவருக்கு வாதிடல், செய்தியைச் சுருக்கிச் சொல்லல் போன்ற கடினமான வேலைகள் தனியே வேண்டும்.

பிழைதிருத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். “நான் பசிக்கிறேன்” என்று ஆங்கில அமைப்பில் சொல்லும் பிள்ளையிடம் “தவறு, ‘எனக்குப் பசிக்கிறது’ என்று சொல்” என்பது ஒரு வழி. “அப்படியா, உனக்குப் பசிக்குதா? காலைல என்ன சாப்பிட்டே?” என்பது மற்றொரு வழி. இரண்டாவதில் சரியான வடிவம் பிள்ளையின் காதில் விழுகிறது, பேச்சும் அறுபடவில்லை. ஆயினும் சில பிள்ளைகள் இந்த மறைமுகத் திருத்தத்தைக் கவனிப்பதே இல்லை. ஒரே பிழை வகுப்பு முழுதும் திரும்பத் திரும்ப வந்தால் பேச்சு முடிந்தபின் பலகையில் எழுதி வெளிப்படையாக விளக்குவதே முறை. கருத்துப் பரிமாற்றம் இலக்கணத்துக்குப் பகை என்று எந்த நல்ல ஆசிரியரும் எண்ணுவதில்லை.

வகுப்பறைக்கு வெளியே மொழி புழங்கும் இடம் என்று சிங்கப்பூரில் எல்லாரும் சுட்டுவது லிட்டில் இந்தியா. பள்ளிகள் மாணவர்களைக் கற்றல் பயணமாக அங்கே அழைத்துச் செல்கின்றன. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், தேக்கா நிலையம், சிராங்கூன் சாலைப் பூக்கடைகள், வீரமாகாளியம்மன் கோயில் என்று வழி நீளும். பயணத்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு மாணவர்கள் ஓடினால், வகுப்பறையைத் தெருவுக்கு இடம்மாற்றியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பூ கட்டுபவரிடம் ஒரு முழம் மல்லிகை எந்த ஊரிலிருந்து, எப்படி வந்து சேர்கிறது என்று கேட்டுவந்து, கேட்காத குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்றால் நிலைமை வேறு. கடைக்காரர் பிள்ளையின் தயக்கத்தைக் கண்டதும் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார் என்பதையும் முன்கூட்டியே எண்ணவேண்டும். “அண்ணே, தமிழ்லயே சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கிறேன்” என்ற ஒரு வாக்கியத்தைப் புறப்படும் முன் பழக்கிவிட்டால் போதும். கனேலும் ஸ்வெயினும் சொன்ன சமாளிக்கும் திறன் இதுதான். இருபது பேருக்கு ஒரே கடைக்காரர் பதில் சொல்லும்படி ஆகாமல் முன்னதாகப் பேசிவைப்பது ஆசிரியர் வேலை; பிரீனும் கேண்ட்லினும் ஒழுங்குசெய்பவர் என்றது இத்தகைய அலுப்பூட்டும் ஏற்பாடுகளையும் சேர்த்துத்தான்.

சிங்கப்பூரில் தாய்மொழிக் கல்வியை மறுஆய்வு செய்த 2010ஆம் ஆண்டுக் குழு, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கோடு பேச்சுவழிக் கருத்துப் பரிமாற்றத்தையும் எழுத்துவழிக் கருத்துப் பரிமாற்றத்தையும் வலியுறுத்தியது. தனியே பேசிக்காட்டுவதும் ஒருவரோடு உரையாடுவதும் வேறு வேறு திறன்கள் என்று ஏற்றுக்கொண்டதே இதன் சிறப்பு. மேடைப்பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் மாணவர் எதிரில் இருப்பவரின் கேள்விக்குத் திணறுவது தமிழ்ச் சூழலில் புதிதல்ல. மனப்பாடமும் மேடையும் நம் கல்வியில் பெற்றுள்ள இடம் அப்படி.

தேர்வும் மாறியது. 2017 முதல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் அச்சிட்ட படத்துக்குப் பதிலாகக் காணொளி காட்டி உரையாடுகிறார்கள். மொத்தம் 200 மதிப்பெண்ணில் வாய்மொழிக்கு 50, கேட்டலுக்கு 20. ஆக 35 விழுக்காடு காதுக்கும் வாய்க்கும். இந்தக் கணக்கு வகுப்பறையில் பேச்சுக்கு இடம் வாங்கித் தந்தது என்பதை மறுக்கமுடியாது. அதே கணக்கு பேச்சைப் பாழாக்கவும் செய்கிறது. காணொளியில் யாரோ குப்பை போடுகிறார், யாரோ முதியவருக்கு உதவுகிறார். எதுவானாலும் பொருந்தும்படி நான்கு இணைமொழிகளும் ஒரு முடிவுரையும் மனப்பாடம் செய்யப்படுகின்றன. ஆசிரியர் மறுபடியும் பயிற்றுநர் ஆகிறார், மாணவர் மறுபடியும் ஒப்பிப்பவர் ஆகிறார். மனப்பாடத்தை உடைக்கக்கூடியது தேர்வாளரின் அடுத்த கேள்வி ஒன்றே. “உன் புளோக்கின் கீழ்த்தளத்தில் இப்படி நடந்தால் நீ உண்மையில் என்ன செய்வாய்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்கத் தெரிந்த தேர்வாளர் முன்னால் ஒப்புவித்தல் நிற்காது. வகுப்பாசிரியருக்கும் இந்தப் பொறுமையே கடினமான பாடம். கேள்வி கேட்டு ஓரிரு நொடிகளில் பதிலையும் தானே சொல்லிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. சொற்களைத் தேடிக் கோக்கும் பிள்ளைக்கு அந்த நேரம் போதாது.

2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் இல்லை. பிள்ளை என்னென்ன செய்யமுடிகிறது என்பதை ஆசிரியர் கவனித்துச் சொற்களால் பதிவுசெய்கிறார். ஆசிரியர் சோதிப்பவராக இல்லாமல் பேச்சுத்துணையாக மட்டும் இருக்க முறைப்படி வாய்ப்புள்ள ஆண்டுகள் இவை இரண்டே. தமிழ் கேட்காத வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் காலத்தில் எழுத்துப் பயிற்சித்தாள்களைக் குறைத்துக் கதைகேட்டல், பொம்மைப் பேச்சு, விளையாட்டுக் கட்டளை ஆகியவற்றில் நேரத்தைச் செலவிடுவது பெற்றோருக்குப் படிப்பே நடக்காததுபோல் தோன்றலாம். பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கும் முதல் தமிழ்க் கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்லுமாறு பெற்றோரிடம் ஆசிரியர் கேட்டுக்கொள்வதும் இந்த இரண்டாண்டில்தான் எளிது. மூன்றாம் ஆண்டில் மதிப்பெண்ணும் துணைப்பாட வகுப்புகளும் வந்துசேர்கின்றன. அதற்குப்பின் பெற்றோர் கேட்பது வேறு கேள்வி.